சக்கரத்துக்குள் விட்ட பச்சைத் தண்ணீர்

அண்ணாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். இக்கட்டுரையை எழுதும்படி அண்ணி என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் தமிழைப் பிழையில்லாமல் எழுதுகிறவள் நான் என்பது அவருடைய எண்ணம். உண்மையில் அப்படி எழுதுகிறவர் அண்ணாதான். கோயில் அறிவித்தல்களைக்கூட அவரிடம்தான் திருத்தக் கொடுப்பார்கள். இதை யாரிடம் திருத்தக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

செத்த வீட்டில் பலர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். பல் பிடுங்குவதற்குப் போட்ட ஊசி இன்னும் இறங்காததுபோல் இருக்கிறது. கன்னத்தைத் தொட்டால் அது என்னுடைய கன்னம் இல்லை. அவ்வளவுதான்.

அண்ணா கிளிநொச்சியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா நேரத்தோடு போய்விட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு, உழவு இயந்திரங்கள் திருத்தும் கராச் ஒன்றில் சேர்ந்தார். தெருவில் போகும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார். அதே காதுக்கு, குசினிக்குள் இருந்து அண்ணி கூப்பிடுவது மட்டும் கடைசிவரை கேட்டதில்லை.

சண்டை எங்களைக் கொழும்புக்குத் துரத்தியது. அங்கிருந்து அண்ணா, அண்ணி, நான் மூவரும் அகதிகளாக நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்தோம். அம்மா வெள்ளவத்தையில் ஒரு சிறிய அறையில் தனியே தங்க வேண்டியதாயிற்று. அம்மாவை இங்கே அழைக்க ஸ்பொன்சர் செய்வதென்றால் அண்ணாவுக்கு நிரந்தர வேலை இருக்க வேண்டும் என்று எங்கள் வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாபடோயிட்டோய் புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஓர் அறையை அம்மாவுக்கென்று ஒதுக்கி, கட்டிலும் போட்டு, கதவைச் சாத்தி வைத்திருந்தோம். அந்தக் கதவைத் தாண்டிப் போகும்போது அண்ணா அதைப் பார்க்க மாட்டார்.

முதலில் கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு ஒடாஹுஹுவில், தோட்டங்களுக்கான சிறிய ட்ரக்டர்களை விற்றுத் திருத்தும் பட்டறை ஒன்றில் தற்காலிகமாகச் சேர்ந்தார். அந்த ஆண்டு மழைக்காலம் தொடங்குமுன், தீவின் நடுவே மலையில் இருக்கும் ஒரு விடுதிக்காரர் சிறிய ட்ரக்டர் ஒன்று வேண்டும் என்று கேட்டார். குளிர்காலத்தில் விடுதிப் பாதையில் விழும் பனியை அகற்றுவதற்கு அதைத் தயார்படுத்தித் தர வேண்டும். வழமையாக இந்த வேலை செய்தவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். முதலாளி வேலையை அண்ணாவிடம் கொடுத்து, குளிர்காலம் முடியும்வரை முறைப்பாடு எதுவும் வராவிட்டால் நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் யாரும் பனி விழுந்து கண்டதில்லை. ஒக்லாந்திலும் அது விழுவதில்லை. பிரிட்ஜின் மேல்தட்டில் படிந்திருப்பதைத்தான் அண்ணா நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். ஆனாலும் அந்த வேலையை அவர் செய்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மேசையில் கரண்டியையும் தட்டையும் வைத்து எங்களுக்கு விளக்குவார். முன்னால் சரிவாகத் திருப்பக்கூடிய ஓர் அகன்ற இரும்புத் தகடு. அது பனியைப் பாதையோரம் ஒதுக்கும். பாதையிலுள்ள கல்லைக் கிளறாமல் இருக்கத் தகட்டின் கீழே இரண்டு இரும்புப் பாதங்கள். தகட்டால் ஒதுக்க முடியாத அளவு பனி குவிந்தால், தகட்டைக் கழற்றிவிட்டு, பனியை விழுங்கித் தூர வீசும் இன்னொரு இயந்திரத்தைப் பூட்ட வேண்டும். அதற்குள் கல் சிக்கினால் ஒரு சிறிய போல்ட் மட்டும் உடைந்து மற்றெல்லாவற்றையும் காப்பாற்றும். உடைவதற்கென்றே செய்த அந்தப் போல்ட் அண்ணாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பனி இல்லாத ஊரில் பனி இயந்திரத்தை எப்படிச் சோதிப்பது? மரக்காலையிலிருந்து மரத்தூள் எடுத்துவந்து, தண்ணீர் ஊற்றி நனைத்து, பட்டறை முற்றத்தில் குவித்து ஓட்டினார். இயந்திரம் நன்றாகத்தான் வீசியது. முதலாளியின் கார் முழுக்க மரத்தூள். அன்று பின்னேரம் முழுவதும் அண்ணா காரைக் கழுவினார்.

எல்லாம் பூட்டிய பிறகு பின்சக்கரங்களுக்குப் பாரம் ஏற்ற வேண்டியிருந்தது. முன்னால் அவ்வளவு இரும்பு தொங்கும்போது பின்சக்கரம் நிலத்தைப் பிடிக்காது. வயலுக்கு இறங்கும் ட்ரக்டருக்குக் கிளிநொச்சியில் செய்வதுபோலவே, வால்வு மேலே வரும்படி சக்கரத்தைத் திருப்பி, குழாயைச் செருகி, உள்ளே ட்யூபுக்குள் தண்ணீரை விட்டார். சக்கரத்துக்குப் பாரம் ஏற்றியாயிற்றா என்று முதலாளி கேட்டதற்கு ஓம் என்றார். அது பொய்யில்லை. லொறியில் ஏற்றுமுன் திருநீறு பூசி, கற்பூரம் காட்டி, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தார். முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம்.

அதன்பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக்கு ஆட்கள் வரவிருந்ததால், அண்ணி கண்ணாடிப் போத்தலில் தண்ணீரை நிரப்பி ஐஸ் பெட்டிக்குள் வைத்து மறந்துவிட்டார். எடுக்கும்போது போத்தல் வெடித்திருந்தது. அண்ணா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இஞ்சாருங்கோ, கை வெட்டப் போகுது. குப்பையில போடுங்கோ" என்றார் அண்ணி.

"சக்கரத்துக்குள்ள பச்சைத் தண்ணியெல்லோ விட்டுட்டன்" என்றார் அண்ணா.

எங்களுக்கு உடனே விளங்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து சொன்னார். குளிர் மலையில் சக்கரத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஒரு பக்கமாக இறுகிக் கல்லாகிவிடும். ஓட்டினால் இயந்திரம் துள்ளும், ட்யூப் கிழியும், சரிவில் போனால் ஆளோடு கவிழலாம். உறையாமல் இருக்க ஒரு வகை உப்பைக் கரைத்துத்தான் விட வேண்டும். அது அவருக்குத் தெரியாத விஷயமும் இல்லை, எங்கோ வாசித்திருக்கிறார். கைதான் கிளிநொச்சியில் நின்றுவிட்டது.

அண்ணி மெதுவாகச் சொன்னார். "பேசாம இருங்கோவன். ஒண்டும் நடக்காமலும் போகலாம். இப்ப போய்ச் சொன்னா வேலையும் போயிடும். மாமி அங்க தனிய இருக்கிறா."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் அறைக் கதவைத்தான் பார்த்தேன்.

"அதில ஏறி ஓட்டுறவனுக்கும் ஒரு அம்மா இருப்பா, பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், முதலாளியின் வீட்டுக்குப் போன் எடுத்தார். தண்ணீர் மட்டும், நான் தண்ணீர் மட்டும்தான் விட்டேன் என்று தன்னுடைய ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டு, விடிய வரட்டாம் என்றார். வந்த விருந்தாளிகளுக்கு அவர்தான் சாப்பாடு பரிமாறினார்.

மறுநாள் முதலாளி உப்பு மூட்டைகளையும் பம்பையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணாவோடு மலைக்குப் போனார். அங்கே அந்த ட்ரக்டரை ஓட்டுகிறவர் கிரகாம் என்னும் விடுதிக் காவலாளி. அன்று காலை அது முயல்போல் துள்ளியதால், ஏதோ பிழை என்று நிறுத்தி வைத்திருந்தார். கொட்டகைக்குள் தள்ளி, ஹீட்டர் வைத்துத் தண்ணீரை உருக்கி வெளியேற்றி, உப்புக் கரைசலை விட்டு முடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. வெளியே வந்தபோது பனி விழுந்துகொண்டிருந்தது. அண்ணா அதைப் பற்றி எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"விழுகுது பிள்ளை, ஆனா சத்தமே இல்லை."

முதலாளி வேலையிலிருந்து நிறுத்தவில்லை. வேறு ஆள் தேடத் தனக்கு நேரமில்லை என்றார். பாராட்டவும் இல்லை. குளிர்காலம் முடிந்ததும், சொன்னபடி நிரந்தரமாக்கினார். அடுத்த ஆண்டு அம்மா வந்தார். அண்ணா அழுது நான் முதன்முறையாகப் பார்த்தது அன்று விமான நிலையத்தில்தான். அண்ணாவின் மகளும் இங்கேயே பிறந்தாள்.

அதற்குப் பிறகு ஆண்டுதோறும் மலையில் முதல் பனி விழுந்த அன்று கிரகாம் போன் எடுப்பார். அது ஓடுகிறது என்று சொல்லத்தான். அண்ணா போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய், "அம்மா, ட்ரக்டர் ஓடுதாம்" என்பார். அம்மா, "நல்லது, சாப்பிட வா" என்பார். அம்மாவுக்கு எந்த ட்ரக்டர் என்று தெரியாது. போத்தல் வெடித்த கதையை நாங்கள் அவருக்குச் சொன்னதே இல்லை.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில், ஒரு காலை வேலைக்குப் புறப்படும்போது நெஞ்சை அழுத்துவதாக அண்ணா சொன்னார். ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மறுநாள் மதியம் எங்களை விட்டுப் போய்விட்டார். அம்மா அவருடைய காலைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே கார்கள் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈமக்கிரியைகள் முடிந்து, வீட்டில் மறுபடி அடுப்பு மூட்டிய பிறகு ஒருநாள் போன் அடித்தது. கிரகாம். அவருக்குச் செய்தி சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. முதல் பனி விழுந்துவிட்டது, அது ஓடுகிறது, அண்ணனிடம் சொல் என்றார். சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

"ஆர் பிள்ளை?" என்றார் அம்மா.

"ட்ரக்டர் ஓடுதாம், அம்மா."

"நல்லது" என்றார். சாப்பிட வா என்பதைச் சொல்லவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு அதன் முன்னாலேயே நின்றார்.

அண்ணா நோயுற்ற வேளையில் உடன் நின்ற மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சான்ட்ரிங்ஹாமிலிருந்தும் ஒடாஹுஹுவிலிருந்தும் சாப்பாடு கொண்டுவந்து தந்த குடும்பங்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், சவப்பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கிய பட்டறை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இப்போது ஓய்வு பெற்றுவிட்ட முதலாளி அன்றும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குமுன் அவருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அண்ணாவாக இருந்தால் அன்றைக்கே போனில் சொல்லியிருப்பார். இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது நானும் கிரகாமிடம் சொல்லியிருப்பேன்.