இடது காதில் மச்சான்

கண்ணாடிக்கடைக்காரர் ஒளித்துப் பேசத் தெரியாதவர். பிரேம் பொருந்தவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வார். அவர்தான் நாலு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தார்.

அவரும், லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய மச்சானும் சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டார்கள். நாட்டுப்புற மெட்டு, ராக் தாளம், இரண்டு கிட்டார். விடுமுறை நாட்களில் கடையின் பின்னறையில் பதிவு. ஹெட்ஃபோனில் கேட்டால் இடது காதில் மச்சான், வலது காதில் இவர். பாகப்பிரிவினையில்கூட இவ்வளவு சுமுகம் கிடையாது.

ஐந்தாவது பாட்டில் மட்டும் மச்சான் தாளத்துக்குப் பின்தங்கியே வந்தார். முன்பின் தெரியாதவர்களின் மூக்கைப் பற்றிப் பேசும் வாய்க்கு, சொந்த மச்சானிடம் “மறுபடி வாசி” என்று சொல்ல வரவில்லை. அவர் இல்லாத நேரத்தில் அவருடைய கிட்டாரையே எடுத்து, அந்தப் பகுதியைத் தானே வாசித்து மச்சானின் பதிவுக்குப் பதிலாக வைத்துவிட்டார்.

ஆல்பம் வந்தது. சொல்லிவைத்தாற்போல் எல்லாரும் ஐந்தாவது பாட்டின் இடது பக்கத்தையே புகழ்ந்தார்கள். மச்சான் கூச்சத்தோடு ஏற்றுக்கொண்டார். கிட்டாரின் குரல் அவருடையதுதானே, சந்தேகம் எங்கிருந்து வரும்? இவரும் கூடச் சேர்ந்து தலையாட்டினார்.

மேடைக் கச்சேரிக்கான ஒத்திகையில்தான் வினை வந்தது.

“மாமா, நான் வாசிச்சது எனக்கே வரமாட்டேங்குது. விரல் போச்சு போல. வேற ஆளப் பாத்துக்குங்க, நான் கிட்டார வித்துடறேன்.”

“விரலுக்கு ஒண்ணுமில்ல.”

“நீங்க என்ன, டாக்டரா?”

“அத வாசிச்சது நான்.”

மச்சான் சிரித்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினார். முதலில் அவர் கண்ணில் தெரிந்தது நிம்மதி. கோபப்பட்டிருந்தால் இவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

“அப்ப நான் வாசிச்சது?”

“அழிச்சுட்டேன்.”

“மறுபடி வாசிடான்னா வாசிச்சிருப்பேனே மாமா.” கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். “இனிமே எவனாவது பாராட்டினா நீங்களே பதில் சொல்லிக்குங்க.”

மறுநாளே வாடிக்கையாளரான ஒரு பேராசிரியர் வந்தார். “அஞ்சாவது பாட்டுல உங்க மச்சான் பின்னிட்டார்!”

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். உண்மையைச் சொன்னால் பெருமையடிப்பதுபோல் இருக்கும். பேசாமல் இருந்தால் திருட்டு. சொல்லிவிட்டார்.

“அது... நான் வாசிச்சதுங்க.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன் சார், அந்த மனுஷனுக்குக் கெடச்ச ஒரு நல்ல பேர்... அதையும் நீங்களே எடுத்துக்கணுமா?”