மாமனாரும் பிரேக் விளக்கும்

வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. ஸ்டியரிங்குக்குப் பின்னால், சிவப்பாக. அந்தச் சின்ன விளக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. விளக்கு என்ன செய்யும் பாவம், அது தன் வேலையைத்தான் பார்த்தது. என் எரிச்சல் எல்லாம் மாமனார் மேல்.

அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்து ஓய்வு பெற்றவர். தையல் பிரிந்த ஷூ மேசைக்கு வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இது யார் கை?" என்பதாம். தோல் சரியில்லையா, நூல் சரியில்லையா, மெஷின் மக்கர் பண்ணுகிறதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் தைத்த பெண்ணைக் கூப்பிட்டு நிற்க வைக்க வேண்டும். இதை எங்களிடம் பெருமையாகவே சொல்வார். வீட்டிலும் அதே சட்டம்தான். பால் பொங்கினாலும் தண்ணீர் மோட்டார் நின்றாலும் யார் கை என்றுதான் பார்ப்பார். அந்த வீட்டில் அது பெரும்பாலும் என் கையாகவே இருந்தது.

ஆனாலும் எனக்குக் கார் சாவியைக் கொடுத்தவர் அவர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பஸ் நெரிசலில் நசுங்கிப் போய்வந்து கொண்டிருந்தவளிடம், பழைய கார் ஒன்று வாங்கியபோது, "நீயே ஓட்டிக்கினு போம்மா" என்றார். நெடுஞ்சாலையில் தனியாக, கண்ணாடியை இறக்கிவிட்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் போகிற அந்த நேரம் இருக்கிறதே, அப்பப்பா! கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் விளக்கு எரிய ஆரம்பித்தது. மாமனாரிடம் சொன்னேன். "இன்னாம்மா, ஹேண்ட் பிரேக்க முழுசா இறக்கலையா? உனக்குக் கையில பலம் கம்மி" என்றார். தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி இறக்கிக் காட்டினேன். விளக்கு அணையவில்லை. பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பாவில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. ஊற்றினார், அணைந்தது. "பாத்தியா, சரியாப் போச்சு." கொஞ்ச நாளில் மறுபடியும் மினுக்க ஆரம்பித்தது. வளைவில் திரும்பினால் மினுக்கும், பிரேக்கை மிதித்தால் மினுக்கும். ஹேண்ட் பிரேக் கோளாறு வளைவு பார்த்தா வரும்? டப்பாவில் ஆயில் குறைந்து அலம்புகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. "மாமா, எங்கியோ ஒழுகுது, மெக்கானிக்கிட்ட காட்டிடலாம்" என்றேன். "ஆயில் ஜாஸ்தி குடிக்குதுன்னா நீ பிரேக்க ஜாஸ்தி மிதிக்கிறன்னு அர்த்தம்" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கார் என் கொழுந்தனுடையது. கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் வாங்கி, உப்பு தடவி, சாக்கில் கட்டி, டிக்கியில் அடைத்துப் பேரணாம்பட்டு மண்டிக்குக் கொண்டுபோவான். திங்கட்கிழமை காலையில் டிக்கி விரிப்பு சொதசொதவென்று இருக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். கேட்டால், "தொழில்னா அப்படித்தான் அண்ணி" என்பான். அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒருநாள் விரிஞ்சிபுரம் தாண்டி, முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் புஸ்ஸென்று தரை வரைக்கும் போனது, வண்டி பாதிதான் கேட்டது. கியரைக் குறைத்து, எனக்கு இறக்கவே தெரியாது என்று சொன்னார்களே அந்த ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இடதுபக்க மண்ணில் கொண்டுபோய் நிறுத்தினேன். அழக்கூட வரவில்லை. பக்கத்து ஒர்க்ஷாப்பிலிருந்து வந்த மெக்கானிக் பாய் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கார கடல்லயா ஓட்டினீங்க? டிக்கிக்குக் கீழ போற பிரேக் பைப்ப உப்பு துன்னு வெச்சிருக்கு" என்றார்.

அந்தத் துருப்பிடித்த பைப்பைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமனார் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இது யார் கை மாமா?" என்று கேட்டேன். கேட்டே விட்டேன்! அவர் பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன மகனைப் பார்த்தார். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "சாவியக் குடும்மா. உனக்கு ஒண்ணு ஆயிட்டா உங்க அப்பாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது? இனிமே பஸ்லயே போ." குரலில் அத்தனை அக்கறை. "அப்பா சொல்றதுல இன்னா தப்பு?" என்றார் என் வீட்டுக்காரர். புதுப் பைப்பு போட்டார்கள். சாவி கொழுந்தனிடம் போனது. டிக்கியில் தோலும் பழையபடி போய்க்கொண்டிருந்தது. நான் இன்றைக்கும் பஸ்ஸில்தான் போகிறேன்.

போன மாதம் மாமனார் தவறிவிட்டார். கருமாதியன்று கூடத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "மருமவ கையில கார் சாவி குடுத்த மனுசன்யா! எத்தினி பேருக்கு அந்த மனசு வரும்?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடுத்தாரு. ஏன் திருப்பி வாங்கினாருன்னும் சொல்லட்டுமா?" என்றேன். என் வீட்டுக்காரர் தலை நிமிராமலே, "போய் எல்லாருக்கும் காபி கொண்டா" என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் பால் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற காரைச் சுற்றிக்கொண்டு கடைக்கு நடந்தேன்.