வாடைக்கா வீட்டில் ஒன்பது நாள்

மீன்தூள் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவளுக்குத் தெரு வைத்த பெயர் வாடைக்கா. காய்ந்த மீனை அரைத்துக் கோழித் தீவனத்துக்கு மூட்டை கட்டும் வேலை. எத்தனை சோப்பு கரைந்தாலும் அந்த நாற்றம் தோலை விட்டுப் போகாது. பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து சீட் தானாகக் காலியாகிவிடும். "எனக்கு எப்பவும் ரெண்டு சீட்டு, ராஜமரியாதை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவள் மூக்கு செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான்.

கணவன் போன பிறகு ஒற்றை ஆளாக வளர்த்த மகள், குழந்தை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்தாள். மருமகன் கப்பல் வேலையில் இருந்தான். மூன்றாம் நாள் மகளுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இரண்டு போர்வைக்குள்ளும் பல் கிட்டியது.

"பால் கட்டுற காய்ச்சல்டி. சரியாயிடும்" என்றாள் வாடைக்கா.

மகள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்டிலுக்குக் கீழ ஏதோ செத்துக் கிடக்கும்மா."

வாடைக்கா குனிந்து டார்ச் அடித்துத் தேடினாள். எலிகூட இல்லை. கூட்டித் துடைத்தாள். மறுநாளும் மகள் கண் இமைக்காமல் அதையே சொன்னாள். "இன்னும் அங்கதான் இருக்கு."

ஜன்னலைச் சாத்தியும் எங்கிருந்தோ ஈக்கள் வந்து போர்வையில் உட்கார்ந்தன. வீட்டுப் பூனை நிலைப்படிவரை வந்தது, கட்டிலைப் பார்த்தது, முடி சிலிர்க்கத் திரும்பிப் போனது. அப்புறம் அது அந்த அறைப் பக்கமே வரவில்லை.

மகளின் நாத்தனார் குழந்தையைப் பார்க்க வந்தாள். இரண்டே நிமிஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி எழுந்துவிட்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, அத்தை."

வாடைக்காவுக்கு நெஞ்சு பொடிப் பொடியானது. ஆலைக்கு லீவு போட்டும் இந்தப் பாழும் உடம்பு நாறுகிறதே! அன்று மூன்று முறை குளித்தாள். தோல் எரியும்வரை எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாள். ஏதோ செத்துக் கிடக்கிறது என்று மகள் சொன்னதுகூடத் தன் நாற்றத்தைத்தானோ? இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாத பிள்ளை, காய்ச்சலில் மனசைத் திறந்துவிட்டதோ? குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாயை வாசலில் போட்டாள். குழந்தையைப் பாலுக்கு விடவும் கஞ்சி கொடுக்கவும் துணி மாற்றவும் மட்டும் உள்ளே போனாள். அப்போதும் தன் வாடை மகள்மேல் படாதபடி தள்ளியே நின்றாள்.

ஒன்பதாம் நாள் பட்டப்பகலில், உள்ளே மகள் யாரோடோ மெதுவாகப் பேசுவது கேட்டது.

"யாருகிட்டடி பேசுற?"

"கீழ படுத்திருக்கிறவகிட்ட. என்னைக் கூட வரச் சொல்றா."

வாடைக்காவின் கையிலிருந்த செம்பு நழுவியது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரி, குழந்தைக்குத் தைத்த சட்டைகளோடு வந்தாள். வாடைக்காவை ஒட்டி உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தவள், முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"மன்னிச்சிக்க. என் நாத்தம்தான்" என்றாள் வாடைக்கா.

"உன் நாத்தமா? இவ்வளவு நேரம் உன் தோள் மேல சாஞ்சுதானே பேசிட்டிருந்தேன்! உன் வாடை எனக்குப் பழகிப்போச்சு. இது வேற. உன் பொண்ணுகிட்டேருந்து வருது."

வாடைக்கா தினமும் மகளின் தீட்டுத் துணிகளை அலசிய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

குழந்தையைத் தையல்காரி மடியில் வைத்துக்கொள்ள, அரை மணி நேரத்தில் ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. டாக்டரம்மா அடிவயிற்றைத் தொட்டதுமே மகள் அலறினாள்.

"கர்ப்பப்பையோட உள்சுவர்ல கிருமி பரவியிருக்கு. ரத்தத்துல ஏறியிருந்தா கஷ்டம். காய்ச்சல், வயித்து வலி, இந்த நாத்தம். இதுல ஒண்ணு இருந்தாலே உடனே கூட்டிட்டு வந்திருக்கணும். வீட்ல யாருக்கும் வாடை தெரியலையாம்மா?"

தன் மூக்கு செத்துப்போனதை வாடைக்கா சொன்னால் யார் நம்புவார்கள்?

மூன்று நாள் நரம்பு வழியாக மருந்து ஏறியது. மாற்றிய ஒவ்வொரு துணியையும் அவள் நர்ஸிடம் கொண்டுபோய் நீட்டினாள். "கொஞ்சம் மோந்து சொல்லு தாயி."

"உங்களோட பெரிய ரோதனையா போச்சு" என்று நர்ஸ் முகத்தைச் சுளிப்பாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

நான்காம் நாள் காலை நர்ஸ் தலையாட்டினாள். "இன்னிக்கு வெறும் ரத்த வாடைதான். போங்க."

வாடைக்கா மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. கட்டிலில் ஏறி, மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.