மைசூருக்குச் சுமந்து போன ராகி மாவு

மைசூருக்குப் போனால் என்னென்ன பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் சளைக்காமல் சொல்லுவேன். மிருகக்காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கி, மலைமேல் பெரிய நந்தி, தசராவுக்கு அம்பாரி யானை, ராத்திரியானால் அரண்மனை விளக்கு, கண்ணம்பாடி அணைக்குக் கீழே கலர் கலராகப் பீய்ச்சும் நீரூற்று. இதில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. ஆனால் நான்கு நாள் அந்த ஊரில்தான் இருந்தேன்.

அது ஐம்பதுகளில் ஒரு தசரா. எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. குருபரப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம். ராகிக்குக் களையெடுத்து முடிந்து, கொஞ்சம் மூச்சு விடுகிற சமயம். மாமனாருக்கு மைசூர் தசரா பார்க்கும் ஆசை வந்தது. அவர், என் வீட்டுக்காரர், அவருடைய அக்காவான என் நாத்தனார், நான் என்று நான்கு பேர் கிளம்பினோம்.

"நீயும் வா. ஊரு பாத்த மாதிரி இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுவும் அந்த நீரூற்று. தண்ணீர் சிவப்பாகவும் பச்சையாகவும் எழும்பும் என்று சந்தையில் யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து அதே நினைப்பு. எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கிணற்றின் அடியில் கலங்கிக் கிடப்பது. அது தானாக மேலே எழும்புவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

என்னை ஏன் கூட்டிப்போகிறார்கள் என்பது மூட்டை கட்டும்போதே புரிந்திருக்க வேண்டும். ஒரு பெரிய பை நிறைய ராகி மாவு, களிப் பானை, கிண்டுகிற துடுப்பு, கொள்ளு, புளி, மிளகாய். மாமனாருக்குக் களி இல்லாமல் வயிறு நிறையாது. சோறு அவருக்குச் சும்மா கொறிக்கிற பண்டம். ஓசூர் வரை பஸ், அங்கிருந்து பெங்களூருக்கு இன்னொரு பஸ், பிறகு ரயில். வழியெல்லாம் மாவுப் பை என் மடியில்தான் இருந்தது.

மைசூரில் ஒரு சத்திரத்தில் இடம் கிடைத்தது. பின்கட்டில் கல் அடுப்பு. விறகோ ஈர விறகு. விடியுமுன் எழுந்து களி கிண்டினேன். மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே, கூடத்துக்குப் பூட்டா இருக்கிறது? துணி துவைத்து, குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, கீரை ஆய்ந்து, கொள்ளு வேகவைத்து நிமிர்ந்தால் சாயங்காலம். மறுபடியும் பானை, மறுபடியும் துடுப்பு. பின்கட்டிலிருந்து பார்த்தால் அரண்மனைப் பக்கம் வானம் மட்டும் வெளுத்துத் தெரியும்.

நாத்தனார் வந்ததும் கால் நீட்டிக்கொண்டு கதை சொல்லுவார்.

"ஏம்மா, ஒட்டகச்சிவிங்கி பாத்தம். கழுத்து நம்ம புளியமரம் ஒசரம் இருக்குது போ!"

"அப்படிங்களா அண்ணி" என்பேன். புகையில் கண் எரியும். எனக்குத் தெரிந்த மைசூரெல்லாம் அவர் வாயால் வந்ததுதான். மனுஷி கெட்டவரில்லை, நன்றாகவே சொல்லுவார்.

வீட்டுக்காரரிடம் முணுமுணுத்தேன். "கடைசி நாளு சாயந்தரம் கண்ணம்பாடிக்குப் போறம். நீயும் வர்ற. கட்டாயம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளை ஓட்டினேன்.

இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. ராத்திரியில் மாமனார் பாதிக் களியைத் தட்டிலேயே வைத்துவிடுவார். "என்னம்மா, களி ஒரு மாதிரி இருக்குது" என்பார். ஊரில் என் களியை யாரும் குறை சொன்னதில்லை. கட்டி தட்டிவிட்டதோ, தண்ணீர் வாசியோ என்று இன்னும் அழுத்திக் கிண்டினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

கடைசி நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நால்வரும் சத்திரத்திலேயே அடைந்து கிடந்தோம். கூரை ஒழுகி மாவுப் பை நனைந்து, மீதி மாவு பசையாகிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மாவு போச்சுங்க மாமா" என்றேன். இனி அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. மழை விட்டதும் நேராக நீரூற்றுதான்.

"செரி, வயித்துக்கு ஏதாச்சும் பாத்துட்டு பஸ் ஏறலாம்" என்று மாமனார் முன்னால் நடந்தார். யாரையும் வழி கேட்கவில்லை. சத்திரத்துக்குப் பின்சந்தில் திரும்பி, ஒரு ஓட்டு வீட்டுக்குள் தலையைக் குனிந்து நுழைந்தார். உள்ளே வண்டிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தட்டிலும் ஆவி பறக்க ராகிக் களி. அந்தச் சீமையில் முத்தே என்பார்கள்.

கடைக்கார அம்மாள் கன்னடத்தில் கேட்டாள்: "வாங்க யஜமானரே, இன்றைக்கு மத்தியானம் காணவே இல்லையே?"

எல்லையோரம் இருக்கிற எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கன்னடம் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு நன்றாகவே விளங்கியது.

"தெனமும் இங்கதான் சாப்பிட்டீங்களா மாமா?"

"மத்தியானத்துக்கு மட்டுந்தாம்மா. சுத்தற எடத்துல பசிக்குமில்ல."

"அப்ப ராத்திரிக்கும் இங்கயே..."

"அதெப்படி? வூட்டுப் பொம்பள கூட வந்திருக்கறப்ப அடுப்பு எரியாம இருந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

பார்க்கிறவர்கள் யார்? அந்த ஊரில் எங்களைச் சத்திரத்துப் பூனைக்குக்கூடத் தெரியாது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக, வீட்டுக்கு வீடு ராகி தின்கிற சீமைக்கு மாவு சுமந்து போய், கை கொப்பளிக்கக் கிண்டியிருக்கிறேன். வீட்டுக்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நாத்தனார் சேலைத் தலைப்பைச் சரி செய்தார். கோபம் வரவில்லை. உடம்பெல்லாம் அசதிதான் வந்தது.

ஆண்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாத்தனாருக்கு உள்ளே இடம் கொடுத்தார்கள். மருமகள் கடைசியில் சாப்பிடுவதுதானே முறை, ஈரக் குடையையும் சாமான் பையையும் பிடித்துக்கொண்டு நான் வாசலோரம் நின்றேன். அவர்கள் கை கழுவி வந்தபோது தெருமுனையில் கண்ணம்பாடி பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, ஓடியா! இத விட்டா வேற பஸ் இல்ல. தின்னறத வந்து பாத்துக்கலாம்" என்று வீட்டுக்காரர் கையை ஆட்டினார்.

ஓடத்தான் ஒரு அடி வைத்தேன். அதற்குள் கடைக்கார அம்மாள் அடுப்போரம் மணையைப் போட்டு, தட்டில் உருண்டையை வைத்து, அவரைக்காய்ச் சாற்றை ஊற்றிவிட்டிருந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் தின்றிருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார், மாமனார் அதட்டவும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். பஸ் போகிற சத்தம் கேட்டது. அந்தத் தண்ணீரை இனி இந்த ஜென்மத்தில் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தது. அழுதுகொண்டேதான் முதல் வாய் விழுங்கினேன்.

களி சுடச்சுட இருந்தது. நான் கிண்டாத களி. கல்யாணமானதிலிருந்து ஆறிப்போன அடிக்களியைத்தான் தின்றிருக்கிறேன். ஒரு உருண்டை போன இடம் தெரியவில்லை. தட்டை வழித்துவிட்டு எழுந்திருக்கப் போனேன்.

அந்த அம்மாள் என் கையைப் பார்த்தாள். "இன்னொன்று வைக்கட்டுமா?" என்றாள்.

புகுந்த வீட்டில் ஒருவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மறுபடியும் உட்கார்ந்து, "வையுங்க" என்றேன்.