மீனுக்கு வெள்ளை, பிரியாணிக்குச் சிவப்பு, சாமுவுக்கு?

“அரை இஞ்ச்தான் மச்சான். வாசனை பாக்குற அளவுக்குத்தான். ஒயின் இன்னா சரக்கா?”

போன வாரம் கிறிஸ்துமஸ் மதியம், எங்கள் வேலூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் வீட்டுக்காரர் சொன்னது இது. சொன்னது என் தம்பி சாமுவிடம். சாமு குடியை விட்டு இருபது மாதம் ஆகிறது.

நாலு நாள் ஆகியும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. வழக்கமாக இந்தப் பக்கத்தில் வீட்டுக்காரரைக் கொஞ்சம் கிண்டலடித்து, உங்களைச் சிரிக்க வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்த வாரம் அது முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்... இல்லை, மன்னிக்கவே வேண்டாம். நீங்களும் என்னோடு சேர்ந்து கொஞ்சம் கோபப்படுங்கள்.

முதலில் அந்தப் பாட்டில்கள் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தன என்று சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர் – இது உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலாளி ஐந்து வேளை தொழுகிற பாய். ஒவ்வொரு டிசம்பரிலும் இத்தாலியிலிருந்து ஷூ வாங்குகிற பையர் வருவார், கையில் ஒயின் பாட்டிலோடு. வேண்டாம் என்றால் பையர் முகம் சுருங்கும். வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் பாய் சிரித்துக்கொண்டே வணக்கம் வைப்பார். பாட்டிலைக் கையால்கூடத் தொட மாட்டார். டிரைவர் எடுத்து டிக்கியில் வைத்து நேராக எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் கிறிஸ்தவ மேனேஜர் வீடுகளுக்கு டிசம்பர் இப்படித்தான் வரும்.

இத்தனை வருஷமும் அவை ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். யாராவது கேட்டால் கொடுத்துவிடுவோம். இந்த வருஷம் வந்தது ஸ்பெஷலாம். மூன்று பாட்டில், கூடவே ஒரு அட்டை. எந்த ஒயினை எந்தச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது.

மனுஷர் அதைப் படித்தார். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஒரே வாரத்தில் பண்டிதர் ஆகிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக என் குழம்பில் உப்பு கம்மியா ஜாஸ்தியா என்று சொல்லத் தெரியாத நாக்கு அது! அந்த நாக்குக்கு இப்போது ‘ஓக் மர வாசனை’ தெரிகிறதாம்.

கம்பெனியில் தோல் சாம்பிளுக்குக் கட்டுகிற டேக் இருக்கிறதே, அதில் மூன்று கொண்டுவந்து பாட்டில் கழுத்தில் கட்டினார். ‘மீன் வறுவல் – வெள்ளை.’ ‘மட்டன் பிரியாணி – சிவப்பு.’ ‘பிளம் கேக் – ஸ்வீட்.’ கீழே கையெழுத்து வேறு. அப்ரூவல் கொடுக்கிறாராம்!

இதுவரை எனக்கும் சிரிப்புதான்.

இப்போது சாமு. அவன் எனக்கு ஏழு வயது இளையவன். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் நல்ல வேலையில் இருந்தான். வேலை போனது, பைக் போனது, கடைசியில் உயிரும் போக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அவன் மனைவி கிரேஸும் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அங்கிருந்து எழுந்து வந்தவன் இன்றுவரை தொடவில்லை. இப்போது கணியம்பாடியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். காலை ஆறே முக்காலுக்கு முதல் குழந்தை ஏறும். “அந்தப் பசங்க ‘குட் மார்னிங் அங்கிள்’னு சொல்றப்ப வாயைத் தொறந்து திருப்பிச் சொல்ல முடியுதுக்கா. அது போதும்” என்று ஒருமுறை சொன்னான். வாடை தெரிந்துவிடுமே என்று வாயைத் திறக்கவே பயந்து ஓடிய காலம் அவனுக்கு இருந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றான். இந்த வருஷம்தான் வந்தான்.

காலையில் எல்லோரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போனோம். ஆராதனையில் திருவிருந்து இருந்தது. ஆல்டர் முன்னால் வரிசையாக முழங்கால் போட்டிருந்தோம். எனக்கு நாலு பேர் தள்ளி சாமு. ஆயர் அவனுக்கு அப்பம் கொடுத்தார். அடுத்து திராட்சரசப் பாத்திரத்தோடு வந்தார். சாமு தலையைக் குனிந்து, இரண்டு கையையும் நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டான். ஆயர் ஒரு விநாடி நின்றார். அவன் தலையில் கையை வைத்தார். பாத்திரத்தோடு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு பார்வைகூட இல்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்தபடி வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என்ன நடந்தது?

மேசையில் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், சாமு, கிரேஸ், அப்புறம் அன்வர் பாய். அன்வர் பாய் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர்; வீட்டுக்காரரின் இருபது வருஷ தோஸ்த். பிரியாணியே அவர் உபயம்தான். கிறிஸ்துமஸ் அன்று ஆம்பூரிலிருந்து ஒரு தேக்சா பிரியாணியும் கத்திரிக்காயும் கொண்டுவந்து இறக்கிவிடுவார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.

வீட்டுக்காரர் ஐந்து கண்ணாடி கிளாஸ் வைத்தார். அன்வர் பாய் கிளாஸ் பக்கம் வந்ததும் கேட்கவே இல்லை. குளிர்ந்த பன்னீர் சோடாவை உடைத்து, தானே ஊற்றி, “உனக்கு இதுதான் பாய்” என்று பதவிசாக வைத்தார். நல்ல பழக்கம். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த கிளாஸ் சாமுவுக்கு. சாமு சிரித்துக்கொண்டே கிளாஸைக் கவிழ்த்து வைத்தான். வீட்டுக்காரர் அதை நிமிர்த்தினார். சாமு மறுபடி கவிழ்த்தான்.

“வேணாம் மாமா.”

“அட, இது டேஸ்ட்டிங் மச்சான். மீனோட ஒரு வாய் வெச்சுப் பாரு. இத்தாலில சின்னப் பசங்களே சாப்பிடுவாங்களாம்!”

“எனக்கு வேணாம் மாமா. மீன் நல்லாருக்கு, நான் மீன் சாப்பிடறேன்.”

“பண்டிகை நாளும் அதுவுமா இன்னா பேஜாரு உன்னோட...” என்று மறுபடி கிளாஸை நிமிர்த்தினார். அப்போதுதான் அந்த ‘அரை இஞ்ச்’ வசனம்.

கிரேஸின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவள் சாமுவைப் பார்க்கவில்லை, பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது.

“கீழ வைங்க அந்தப் பாட்டிலை!” என்றேன். “அன்வர் பாய்கிட்ட இதைச் சொல்லுவீங்களா? ‘ஒரு வாய்தான் பாய், பண்டிகை நாளு பாய்’னு அவரு கிளாஸை நிமித்துவீங்களா?”

வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். “அவரு வேற. அது மத விஷயம்...”

கேட்டீர்களா? மத விஷயமாம்!

இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன். ஒரே மேசையில் இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். ஒருவர் மார்க்கம் தடுக்கிறது என்கிறார். உடனே எழுந்து நின்று மரியாதை கொடுக்கிறோம், தனியாக சோடா வாங்கி வைக்கிறோம். கொடுக்க வேண்டியதுதான். இன்னொருவர் எந்தக் காரணமும் சொல்லாமல் வேண்டாம் என்கிறார். அவரை மட்டும் ஏன் மூன்று முறை கேட்கிறோம்? சர்க்கரை வியாதிக்காரர் பாயசம் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம். விரதம் என்றால் விட்டுவிடுகிறோம். சாவின் வாசல் வரை போய்த் திரும்பி வந்தவன் வேண்டாம் என்றால் – “ரொம்பப் பண்றான்” என்கிறோம். அவன் குடித்த காலத்தில் அவனைத் திட்டியதும் இதே வாய்தானே? இதே வாய் இன்று அவனுக்கு ஊற்றிக்கொடுக்கத் துடிக்கிறதே, இதற்கு என்ன பெயர்? பாசமா?

பாட்டில் வெளிநாட்டுக்காரனாக இருந்தால், கழுத்தில் டேக் தொங்கினால், அது சரக்கு இல்லையாம். ‘கல்ச்சர்’ ஆம். குடல் அட்டை படித்துப் பார்த்தா வேலை செய்கிறது?

இதையெல்லாம் அங்கேயே சொன்னேன். கத்தினேன் என்பதே சரி. மூன்று பாட்டிலையும் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் தலை குனிந்து பிரியாணியில் இல்லாத எலும்பைத் தேடினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தம்பியைக் காப்பாற்றிய அக்கா அல்லவா!

அந்தச் சந்தோஷத்தில் நேராக அடுப்படிக்குப் போனேன்.

என் வீட்டு ஒயினைப் பற்றி எத்தனை டிசம்பர்கள் இங்கே பீற்றிக்கொண்டிருக்கிறேன்! லாங் பஜாரில் பேரம் பேசி வாங்கிய ஐந்து கிலோ பன்னீர் திராட்சை. சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. பீங்கான் ஜாடியில் போட்டு, வாயில் துணி கட்டி, தினமும் காலையில் மரக் கரண்டியால் கிளறி, நாற்பது நாள். எங்கள் கோயில் பெண்கள் டிசம்பர் பிறந்தாலே “எனக்கு ஒரு பாட்டில்” என்று சொல்லிவைப்பார்கள். அதை ஒரு ஜக்கில் மொண்டு கொண்டுவந்தேன். சாமுவின் கிளாஸை நானே நிமிர்த்தினேன். நானே ஊற்றினேன்.

“நீ இதைக் குடிடா கண்ணு. இது ஒயின் இல்ல. நம்ம வீட்டுத் திராட்சை ரசம். அக்கா கையால பண்ணது.”

சாமு கிளாஸைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அவன் குரல் உயரவே இல்லை.

“அக்கா... காலைல ஆயர் என்னைத் தாண்டிப் போனாரே, பாத்தியா?”

“பாத்தேன்டா.”

“ஆண்டவரே அவரு மேசைல என்னை விட்டுட்டாரு. நீயும் மாமாவும்தான் விட மாட்றீங்க.”

அன்வர் பாய் அந்தக் கிளாஸை மெதுவாக நகர்த்தி ஓரமாக வைத்தார். தன் பக்கத்திலிருந்த பன்னீர் சோடாவை எடுத்து வேறொரு டம்ளரில் ஊற்றி சாமுவின் முன்னால் வைத்துவிட்டு, “கத்திரிக்காய் போட்டுக்கோ தம்பி” என்றார். சாமு போட்டுக்கொண்டான். கேக் வெட்டும்வரை இருக்கவில்லை. வேனைக் கழுவ வேண்டும் என்று அவனும் கிரேஸும் கிளம்பிவிட்டார்கள்.

போன வருஷம் அவனுக்கு வந்த காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது என் ஜாடிக்குப் பயந்து வந்த காய்ச்சல்.

ஈஸ்ட் போட்டு நாற்பது நாள் நுரைக்கவிட்டது போதை இல்லாமல் என்னவாக இருக்கும்? எனக்குத் தெரியாதா? தெரியும். என் கை பட்டதால் அது வேறாகிவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்காரருக்கு இத்தாலி, எனக்கு என் கைப்பக்குவம். அவர் அரை இஞ்ச் ஊற்றப் பார்த்தார். நான் கிளாஸ் நிறைய ஊற்றினேன்.

அன்று சாயந்திரமே வீட்டுக்காரர் ஸ்டோர் ரூம் சாவியை வாங்கி, மூன்று பாட்டிலையும் டேக்கோடு எடுத்துப்போய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். சாமுவுக்குப் போன் போட்டு, “தப்பு என்னுதுதான் மச்சான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். என்னைவிடச் சுலபமாகத் திருந்திவிட்டார் மனுஷர். அதில் வேறு எனக்குக் கோபம்.

நான் இன்று காலைதான் சாமுவைக் கூப்பிட்டேன். புத்தாண்டு மதியம் சாப்பிட வாங்கடா என்றேன்.

“வர்றேன்க்கா. ஆனா... அந்த ஜாடி?”

“அதை அன்னிக்கே கொட்டிட்டேன்டா.”

பொய். முழுப் பொய். ஜாடி அடுப்படி மூலையில்தான் இருக்கிறது, முக்கால் வாசி நிரம்பி, துணி கட்டியபடி.

இந்த நாலு நாளில் இரண்டு தடவை அதன் துணியை அவிழ்த்தேன். வாசனை வந்ததும் மறுபடி கட்டிவிட்டேன். எத்தனை உழைப்பு! கோயில் பெண்களுக்கு என்ன பதில் சொல்வது? கேக்குக்கு ஆகுமே... பாதியை மட்டும் கொட்டலாமா... சாமு வரும்போது மாடியில் ஒளித்து வைத்தால் போதாதா... நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே...

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வார்த்தையைச் சாமு வாயால் எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன்! கேட்டுக் கேட்டு அவன் மேல் எவ்வளவு எரிச்சல்பட்டிருக்கிறேன்! நான் குடிக்கிறவள்கூட இல்லை. ஒரு ஜாடியைக் கொட்ட எனக்கே இத்தனை சாக்கு வேண்டியிருக்கிறது. அவன் தினமும் விடிந்ததும் கொட்டிவிட்டுத்தானே வேன் எடுக்கிறான்?

போதும். எழுதியது போதும், எழுந்துவிட்டேன்.

“ஏங்க... இங்க வந்து ஜாடியை ஒரு பக்கம் பிடிங்க. தனியா தூக்க முடியல, கனமா இருக்கு.”