அரிகிருஷ்ணன் முடிவு செய்துவிட்டார்

தலையில் ஒட்டிய பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டே அரிகிருஷ்ணன் என் காதருகே குனிகிறார். "தம்பி, வெளிய விட்டுடாத. நான் யாருக்குத்தான் வோட்டுப் போடறது?" முதலியார்பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் ஆப்பம் சுடுகிறவள் அடுப்பை விட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். வருஷக்கணக்காக மில்லில் தறிகளுக்கு நடுவே கத்திப் பேசிப் பழகிய தொண்டை அது. அவர் ரகசியம் பேசினால் தெருவுக்கே பொதுக்கூட்டம்.

மனுஷர் கெட்டிக்காரர்தான். அறுந்த இழையை நாம் கண்ணால் தேடுவதற்குள் அவர் முடிந்துவிட்டுத் தறியை ஓட்டிவிடுவார். எந்த மீன்காரியும் அவரிடம் பழைய மீனைத் தள்ளியதில்லை. ஆனால் இந்தத் தேர்தல் வந்ததிலிருந்து ஆள் ஆளாகவே இல்லை. யார் என்ன சொன்னாலும் "கரெட்டுதான்" என்று தலையாட்டுவார். சொன்னவர் முதுகைத் திருப்பியதும் அடுத்தவரிடம் போய் அதே கேள்வியைக் கேட்பார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "உங்களுக்குன்னு ஒரு புத்தி இல்லியா அண்ணே?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "இருந்துது தம்பி. பேசிப் பேசிக் கலக்கிட்டானுங்க" என்றார்.

விளையாட்டு விஷயமும் இல்லை. மூன்றாவது ஷிப்டை நிறுத்தப் போகிறார்கள் என்று மில்லில் பலமான பேச்சு. அரிகிருஷ்ணன் மூன்றாவது ஷிப்டுக்காரர். அது நின்றால் அவர் வீட்டு அடுப்பும் நிற்கும். நாங்கள் வந்தால் ஷிப்டு ஓடும், அவன் வந்தால் ஷிப்டு போச்சு என்று கதர்க் கட்சி சொல்கிறது. எதிர்க்கட்சியான முன்னணியும் அதையேதான் சொல்கிறது. கதருக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர் அவருடைய மைத்துனர் இராமதாஸ். முன்னணிக்காக ஏறி இறங்குகிறவர் பக்கத்துத் தறி கோவிந்தராசு. "ரெண்டு பேரும் பொய் சொல்ற ஆளுங்க இல்ல தம்பி. ஆனா ஒருத்தன் சொல்றது பொய்யாத்தான இருக்கணும்?" என்கிறார்.

கட்சிப் பெயர்களை எடுத்தால் குழப்பம் இன்னும் கூடும். "கதர்க் கட்சியில இன்னிக்கு நிக்கறாரே, அந்த முதலாளி, ரெண்டு வருசம் முந்தி பிரான்சுக்கொடிய ஏத்தி வெச்சிருந்தாரு. மூணு கலரு. இன்னிக்கும் அவரு வீட்டு மேல மூணு கலருதான், கலருதான் வேற. அவரு ஆளுங்க கையால அடிபட்டவன் கோவிந்தராசு. அன்னிக்கு அவன் கையில இருந்த இந்தியக் கொடி இன்னிக்கு அடிச்சவங்க கையில இருக்குது. நான் ஆளப் பாக்கறதா, கொடியப் பாக்கறதா?" நான் அச்சகத்தில் புரூப் திருத்துகிறவன். இரண்டு கட்சி நோட்டீசும் என் கையில்தான் பிழை நீங்கிப் போகின்றன. இந்தக் கேள்வி இரண்டிலும் இல்லை.

பிரெஞ்சு வெள்ளைக்காரன் காலத்தில் அவருக்கு இந்தத் தலைவலி கிடையாது. "எலெக்சியோன் அன்னிக்குக் காலையில ஒரு ஆளு வந்து கதவத் தட்டுவான். ஒன் வோட்டு விழுந்துடுச்சு, வெளிய தலகாட்டாதன்னுட்டுப் போவான். நான் பாட்டுக்கு மீனு வாங்கியாந்து ஆக்கச் சொல்லித் தின்னுட்டுப் படுத்துடுவேன்." போன வருஷம் நடந்தது அதைவிடப் பெரிது. "பிரான்சா இந்தியாவான்னு வந்தப்பக்கூட கவுன்சிலருங்கதான கீழூருல கூடிப் போட்டுட்டு வந்தாங்க? அம்மாம் பெரிய விசயத்துக்கே என்ன ஆரும் கேக்கல. இப்ப மட்டும் ஏன் தம்பி கேக்கறாங்க?"

அவர் மனைவி ஆதிலட்சுமிக்கு இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. யாருக்குப் போடுவது என்று என்றைக்கோ தீர்மானித்துவிட்டாள். அதைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. "கேட்டா அடுப்பப் பாத்து சிரிக்கறா" என்று அவர் குறைபட்டுக்கொள்வார்.

வோட்டுப் போடும் நாளன்று நான் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் அரிகிருஷ்ணன். ஷிப்டு விட்டு வந்து குளித்து, முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். தலையில் ஒரு துளிப் பஞ்சு இல்லை. வெளியே ஆளுக்கொரு பந்தலில் இராமதாசும் கோவிந்தராசும். இருவருக்கும் ஒரே மாதிரி கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்திருந்தார்.

"முடிவு பண்ணிட்டேன் தம்பி" என்றார்.

"யாருக்கு?"

"அது சொல்லக் கூடாதாம்."

நம்பமாட்டீர்கள், குரல் தணிந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அத்தனை நாள் அவரைக் கடிந்துகொண்டதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பேன், வரிசை நகர்ந்துவிட்டது.

மேசையிலிருந்த அதிகாரி பெயரைத் தேடினார். கண்டுபிடித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "உங்க வோட்டு காலையிலேயே விழுந்துடுச்சே."

"நான் இப்பத்தான வரேன்."

"உங்க பேரைச் சொல்லி யாரோ போட்டுட்டுப் போயிருக்காங்க."

அரிகிருஷ்ணன் பழைய தறிக்குரலில் கேட்டார்: "யாருக்குங்க போட்டிருக்கேன்?"

வரிசை முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த அதிகாரி நல்ல மனிதர், அவரும் சிரிக்கவில்லை. "அது எங்களுக்கும் தெரியாதுங்க. வேணும்னா தனியா ஒரு சீட்டு தரேன். போடுங்க, உறையில வெச்சு ஒட்டிடுவோம்."

"அத எண்ணுவீங்களா?"

"கோர்ட்டுல கேட்டாத்தான்."

"விடாதீங்க அண்ணே, கேளுங்க" என்று பின்னாலிருந்து முதுகைத் தட்டினேன். அவர் திரும்பவே இல்லை. "நான் முடிவு பண்ணிட்டு வந்தேங்க" என்றார் அதிகாரியிடம். வோட்டு போனதைவிட அதைத்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ஆளை, அதாவது என்னை, வரச் சொல்லிக் கைகாட்டினார். பக்கத்திலிருந்தவர் மைக்குச்சியைப் புட்டியில் தோய்த்து என் விரலுக்காகக் காத்திருந்தார். நான் முன்னால் நகர்ந்தேன். அரிகிருஷ்ணன் நகரவில்லை. எனக்கும் மைக்குச்சிக்கும் நடுவே தன் இடது கை விரலை நீட்டினார்.

"சீட்டு வேணாங்க" என்றார். "இதையாவது எனக்கு வைங்க."