மடியில் இருந்த கயிறு

அக்காவுக்குக் கதையை வாட்ஸப்பில் அனுப்பிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீலக் குறி இரண்டும் விழுந்திருந்தன. பதில் மட்டும் வரவில்லை. நான் அக்கா என்று கூப்பிடும் அவர் ஓர் எழுத்தாளர். சிங்காநல்லூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். நான் படித்த கல்லூரியில் நடந்த கதைப் பட்டறைக்கு வந்தபோது பழக்கம். அன்றிலிருந்து நான் எழுதுவதை முதலில் படிப்பவர் அவர்தான்.

இந்தக் கதை அப்பாவைப் பற்றியது. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், வீட்டில் இருந்த ஒரே மாட்டை அவர் பொள்ளாச்சிச் சந்தையில் விற்றதைப் பற்றியது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பையன் நம்ம மாட்டைப் பற்றி எழுதுகிறான் என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். முடித்ததும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அக்கா நன்றாக இல்லை என்றால் அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒரு பயம். நன்றாக இருக்கிறது என்றால் அவர் எதிரில் உட்கார்ந்து வாசிக்க வேண்டுமே என்று அதைவிடப் பெரிய பயம்.

ஒருவழியாக அக்கா ஞாயிற்றுக்கிழமை நேரில் வரச் சொன்னார். பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை செய்யும் பம்ப் கம்பெனிக்குப் பக்கத்தில் தங்கியிருக்கும் அறையிலிருந்து பஸ் மாறிப் போனேன். காந்திபுரத்தில் இறங்கியபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு எதிரே பேக்கரியில் அக்கா எனக்கு முன்பே வந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தார். மேசைமேல் என் கதை, அச்செடுத்த தாள்களாக. ஓரமெல்லாம் பென்சில்.

"ஏனுங்க தம்பி, முதல் ரெண்டு பக்கமும் சந்தையச் சுத்திக் காட்டிட்டே இருக்கறீங்க. மாடு எப்பத்தானுங்க வரும்?"

அந்தப் பக்கங்களை எடுத்துவிடலாம் என்றார். மாடு டெம்போவில் ஏற மறுக்கும் இடம் நன்றாக வந்திருப்பதாகவும் சொன்னார். அது என் காதில் ஏறவே இல்லை. அவர் விரல் கடைசித் தாளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அப்பா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறி அழுகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கிய இடம்.

"அப்பா நெசமாலுமே அழுதாருங்களா?"

"இல்லீங்கக்கா."

"வேற என்ன பண்ணுனாரு?"

கயிற்றை அவிழ்த்துக்கொண்டார் என்றேன். எங்கள் ஊரில் மாட்டை விற்றாலும் அதன் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவருவார். பழைய கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் இருந்த நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்கா பன்னைத் தட்டில் வைத்தார். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன் என்றேன். அது பாதிதான் உண்மை. அவருக்கும் தெரிந்துவிட்டது.

"அவர அழ வெச்சுப்போட்டு நீங்க தப்பிச்சுட்டீங்க தம்பி. பக்கத்துல உக்காந்திருந்த ஆளு கதைலயே இல்ல. திரும்ப அந்த பஸ்ஸுல ஏறி உக்காருங்க, போதும்."

கதை மோசம் என்று சொல்லியிருந்தால் அறைக்குப் போய்ப் படுத்திருப்பேன். இப்போது போய் எழுத வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் அப்பா போன் செய்தார். அந்தக்கா என்ன சொன்னது என்றார். கடைசியை மாற்றச் சொன்னதாகவும், பஸ்ஸில் அவர் கயிற்றோடு வந்ததை எழுதப்போவதாகவும் சொன்னேன்.

"அந்த பஸ்ஸுலயா? நீதான் ஊரு வார வரைக்கும் தூங்கிப்போட்டியே கண்ணு."

தூங்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. நான் தூங்குவதாக நினைத்து அவர் என்ன செய்துகொண்டு வந்தாரோ. அடுத்த ஞாயிறு ஊருக்கு வந்து வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாசிக்க ஆரம்பித்ததும் நான் விழித்திருந்தது அவருக்குத் தெரிந்துவிடும்.